எங்கள் வீட்டு மழை

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது என் பேச்சைக் கேட்காது. பெண்கள் வார்டில் பதினெட்டு வருடமாக ஆயா வேலை பார்க்கிறேன். பெரிய டாக்டரையே, "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க, இப்பத்தான் தரையத் துடைச்சேன்" என்று நிறுத்தியிருக்கிறேன். அவரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என்னைவிட முப்பது வயது மூத்த நோயாளிகள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயம் கலந்த மரியாதை.

என் வேலையில் பாதி, நனைந்த விரிப்பை மாற்றுவது. படுத்திருப்பவரை ஒரு பக்கம் புரட்டி, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டி, இழுத்துச் செருகினால் முடிந்தது. இரண்டு நிமிடம். ஆனால் படுக்கை நனைந்தவுடன் எல்லோரும் முகத்தை மூடிக்கொள்வார்கள். கோர்ட்டில் வக்கீலாக இருந்தவரும் மூடிக்கொள்வார், வீட்டு வேலை செய்தவரும் மூடிக்கொள்வார். நான் விடமாட்டேன். "மூஞ்சிய எதுக்கு மூடுறீங்க? நனைஞ்சா மாத்தணும், அவ்வளவுதான். பூகம்பமா வந்துடுச்சு?" என்பேன். சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு அது வெறும் துணிதான். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. புதிதாக வேலைக்கு வரும் ஆயாக்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

என் வீட்டில் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மழை. என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு காலையில் நனைந்த மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டு, "மழை பெஞ்சிருச்சு" என்றாள். நானும் அவள் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து அதுவே பெயர். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் குழிக்குள் தனியாக நிற்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு இருந்ததே அந்த ஒரு ஜோக்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு வானிலை அறிக்கை என்ன?" என்பார். நான் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வறண்ட வானிலை" என்றோ "பலத்த மழை" என்றோ அறிவிப்பேன். அவளும் சிரிப்பாள். ஐந்து வயதில் சிரித்தாள், எட்டு வயதில் சிரித்தாள். எப்போது நிறுத்தினாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம், கவனிக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினைந்து. "சில பிள்ளைங்களுக்கு இப்படித்தான், தானா நின்னுடும்" என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். மாதம் ஒருமுறை என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆகியிருந்தது. வெளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அதில் நான் கெட்டி.

கேடட் படையில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. கையில் இரண்டு பட்டை வாங்கிவிட்டாள். வீட்டில் தண்ணீர் கேட்பதையே முணுமுணுப்பாகக் கேட்கிறவள், மைதானத்தில் நின்று "அணி, நேர் நில்" என்றால் வேலிக்கு வெளியே நிற்கும் நானும் நிமிர்ந்துவிடுவேன், கையில் காய்கறிப் பையோடு. இந்த வருடம் தலைமைப் பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து இரவு கூடாரத்தில். ஏழு சின்னப் பிள்ளைகளுக்கு அவள் தலைவி. முடித்துவிட்டு வந்தால் மூன்றாவது பட்டை, பிறகு அவர்கள் பிரிவையே அவள்தான் நடத்துவாள். போக முடியாமல் போனால் அந்த இடம் கண்ணாடிக் கடைக்காரர் மகளுக்கு. அந்தப் பெண்ணும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வருடமாக என் மகள் கேட்டது இந்த ஒன்றைத்தான். பிறந்தநாளுக்குக்கூட வேறு எதுவும் கேட்கவில்லை.

கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல் இரண்டு பக்கம் வந்தது. ஒரு வாரம் எங்கள் முன்னறையில் நடக்க இடமில்லை. சீருடை இரண்டு, பூட்ஸ், பாலிஷ், ஊசி நூல், உபரி பொத்தான், டார்ச், தட்டு, மழைக்கோட்டு, தரைவிரிப்பு, ஸ்லீப்பிங் பேக். எதை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டாம். கடைசியில் தேவைப்படுவது அடியில், அவசரத்துக்கு வேண்டியது மேலே. காலுறைகளைச் சுருட்டி பூட்ஸுக்குள் திணித்தாள். பைக்குள் டார்ச் தானாக எரிந்து தீர்ந்துவிடக் கூடாது என்று அவள் அப்பா பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுக் கொடுத்தார். நான் வயிற்றுவலி மாத்திரை, இன்னொரு சோப்பு, ஒரு கம்பளி என்று பக்கவாட்டில் செருகுவேன். அவள் எடுத்து வெளியே வைப்பாள்.

"லிஸ்ட்ல இல்லம்மா."

"லிஸ்ட் எழுதின மகராசிக்கு வயித்த வலியே வராதாமா?"

"வந்தா அவங்க பாத்துப்பாங்க. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."

ஒரு பொருள் மட்டும் லிஸ்டில் இல்லாமல் உள்ளே போனது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் போடுகிற உள்விரிப்பு. அதை நானே தைத்தேன். ரெக்சின் மட்டும் போட்டால் புரளும்போது சரசரவென்று சத்தம் வரும். வார்டில் நோயாளிகள் பாதி தூக்கத்தைத் தொலைப்பதே அந்தச் சத்தத்தால்தான். எட்டுப் பேர் படுக்கிற கூடாரத்தில் அது ஊரைக் கூட்டிவிடும். அதனால் மெல்லிய ரெக்சினை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் பழைய ஃப்ளானல் துணி, மேலே கருநீலப் பருத்தி. மூன்று நாள் எடுத்தது. முடித்துவிட்டு நானே அதற்குள் படுத்துப் புரண்டு பார்த்தேன். பிறகு அவளைப் படுக்கச் சொன்னேன். "சத்தமே இல்லம்மா" என்றாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கு அது போதும் என்று இருந்தது.

உடல்நலப் படிவமும் வந்திருந்தது. "தெரிவிக்க வேண்டிய குறைபாடு ஏதேனும் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத எழுதணும்ல?"

"எழுதிட்டு? ஊரு பூரா தம்பட்டம் அடிக்கவா? நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்."

அவள் சும்மா இருந்தாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு ஏழு வாரத்துக்கு முன்னால் சனி ஞாயிறு பயிற்சி ஒன்றுக்காக ஒரு ராத்திரி வெளியூர் போய்வந்தாள். திரும்பி வரும்போது ஸ்லீப்பிங் பேக் ஈரமாக இருந்தது. வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, "மழையா?" என்றேன்.

"ஆமாம்மா. நிஜ மழை. டென்ட் ஒழுகிடுச்சு."

எங்கள் தெருவில் அன்று ஒரு சொட்டு விழவில்லை. "சரி சரி, எனக்குத் தெரியாதா" என்று கண்ணடித்துவிட்டு வாங்கிக்கொண்டு போய் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

முகாமுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, பயிற்சிக் கூடத்தில் பை பரிசோதனை. பெற்றோரும் வர வேண்டும் என்றார்கள். பெரிய ஹால், தகரக் கூரை, சுவரோரம் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் வரிசையாகத் தரைவிரிப்பு போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் பையிலிருந்ததை எல்லாம் அதன்மேல் பரப்பி வைத்துவிட்டு, காலடியில் நேராக நின்றது. எனக்கு ஒரு பக்கம் அவள் அப்பா, மறுபக்கம் கண்ணாடிக் கடைக்காரர் மனைவி. நல்ல வாசனை அடிக்கிற பெண்மணி. "உங்க பொண்ணு அடுக்கியிருக்கறது எவ்வளவு அழகா இருக்கு" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நான் பெருமையில் பூரித்துப்போய் "எல்லாம் அவளேதான்" என்றேன்.

பயிற்சியாளர் மேடம் ஒவ்வொரு விரிப்பாக வந்தார். கழுத்தில் விசில், கையில் அட்டை. பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்ப்பார், டார்ச்சைத் தட்டுவார், ஊசி இருக்கிறதா என்று எண்ணுவார். என் மகளிடம் வந்தபோது நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டேன். அந்த உள்விரிப்பை எடுத்தார். தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன, இவ்வளவு கனம்?"

"உள்விரிப்பு மேடம். அம்மா தெச்சது."

"நல்லா தெச்சிருக்காங்க" என்று கீழே வைத்துவிட்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் மேடம் அங்கேயே நின்றுகொண்டு பெற்றோர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ண ஏன் தலைவியா போட்டோம்னு சிலர் கேட்டீங்க. போன தடவ ராத்திரி ரெண்டு மணிக்கு மழை. இவ படுக்கை மொத்தமா நனைஞ்சுபோச்சு. இவ ஒரு பிள்ளையையும் எழுப்பல. சத்தம் போடாம தானே எல்லாத்தையும் எடுத்து, மாத்தி, காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நின்னா. எங்களுக்கே அப்புறம்தான் தெரியும்."

என் காதில் என்ன விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? மழை. படுக்கை நனைந்தது. யாருக்கும் தெரியாமல் மாற்றினாள். என் தலைக்குள் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. இத்தனை பேருக்கு நடுவில், பிள்ளையைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டு, இந்தப் பொம்பளை என் வீட்டு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறாளே என்று எழுந்துவிட்டேன். அவள் அப்பா என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"மேடம், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? இத இத்தன பேர் முன்னாடிதான் சொல்லணுமா? அவ என்ன வேணும்னா பண்றா? அது வியாதி மேடம். டாக்டரே சொல்லியிருக்கார், தூக்கத்துல தன்னால போயிடுது, வயசு ஏற ஏற நின்னுடும்னு. மாத்திரை சாப்பிடறா. பதினஞ்சு வயசுப் பொண்ணு, அவளுக்கு மானம் இருக்காதா?"

மேடம் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அம்மா" என்றார் மெதுவாக, "நான் வானத்து மழையச் சொன்னேன்."

பிறகு கண்ணாடிக் கடைக்காரர் மனைவி "ஓ" என்றார், மிகச் சின்னதாக. அவர் பார்வை கருநீல உள்விரிப்புக்குப் போனது. அவர் பார்த்ததும் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொருவராக, புரிந்துகொள்வது எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு களுக்கென்று சிரித்துவிட்டது. என் மகளின் கூடாரத்தில் படுக்கப்போகிற ஏழு பேரில் அதுவும் ஒன்று. மேடம் விசில் ஊதினார்.

என் மகள் நேராக நின்றாள். கண் எதிர்ச் சுவரில். கை பக்கவாட்டில். இரண்டு காதும் மட்டும் சிவந்துபோயிருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. அப்போதும் இந்த வாய் சும்மா இருந்ததா? "நான் வேற என்னமோ நெனச்சு..." என்று அசடு வழியச் சிரித்தேன். சிரித்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மேடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் நான் எழுதிய படிவம்.

"இதுல இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அங்க வியாதிங்கறீங்க. எது உண்மை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவ இடம் போயிடுமா மேடம்?"

"அதனால போகாது. எத்தனையோ பிள்ளைங்களுக்கு இருக்கு. மறைச்சு எழுதினா போகும். ராத்திரி ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு என்னன்னு தெரியாம நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? திங்கக்கிழமை காலையில பஸ் ஏறும்போது சரியான படிவம் என் கையில இருக்கணும். இல்லைன்னா அந்தக் கண்ணாடிக் கடைப் பொண்ணு ஏறுவா."

வீட்டுக்கு நடந்தோம். பையை அவளே தூக்கிக்கொண்டாள், அப்பா கேட்டும் கொடுக்கவில்லை. நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். அந்த மேடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். மழை என்றால் எந்த மழை என்று யாருக்குத் தெரியும் என்றேன். கடைசியில் பழியை அவள் மேலேயே போட்டேன்.

"அன்னிக்கு நிஜ மழைன்னா, நிஜ மழைன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் என் வாய் அடங்கியது. அவள் சொல்லியிருந்தாள். இதே வார்த்தையில் சொல்லியிருந்தாள். பதினெட்டு வருடம் வார்டில் பழகிய மூக்கு எனக்கு. அந்த ஸ்லீப்பிங் பேக்கை ஒருமுறை மோந்து பார்த்திருந்தால் அது வெறும் தண்ணீர் என்று தெரிந்திருக்கும். ஆனால் மோந்து பார்க்கவில்லை. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

வீட்டில் அவள் பையைக் கவிழ்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. பூட்ஸைச் செருப்பு அலமாரியில் வைத்தாள். சோப்பைக் குளியலறையில் வைத்தாள். ஊசி நூலை என் தையல் டப்பாவில் போட்டு மூடினாள். எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கே திரும்பிப் போனது. "நான் போகல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்பா டார்ச்சை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, நேராகப் போட்டார். எரிகிறதா என்று பார்த்தார். அணைத்தார்.

"ஏதாவது திட்டுங்களேன் என்னை" என்றேன்.

"நானும்தானே தினம் வானிலை அறிக்கை கேட்டேன்" என்றார்.

மறுநாள் ஞாயிறு, எனக்குக் காலை ஷிஃப்ட். இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட வாத்தியாரம்மா ஒருவர், எட்டாம் படுக்கை. நான் போனபோது போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு கிடந்தார். தொடாமலே தெரிந்தது. புது விரிப்பை எடுத்துக்கொண்டு வந்து, அவரைப் புரட்டுவதற்குக் கை வைத்து, வழக்கம்போல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

"சொல்லும்மா" என்றார் அவர் போர்வைக்குள்ளிருந்தே. "பக்கத்து பெட்டுக்காரங்ககிட்ட ஏதோ சொல்லுவியே, அத எனக்கும் சொல்லு."

"என்னமோ தொண்ட சரியில்லம்மா" என்றேன். அன்று அந்தப் படுக்கையை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

ஒளித்து வைக்கிற விஷயத்துக்குத்தானே செல்லப்பெயர் வைப்பார்கள். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உரக்கச் சொன்ன நான், என் பிள்ளையிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, கண்ணடித்து, வேறு பெயரில் பேசியிருக்கிறேன். இது வெட்கப்பட வேண்டியது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஊரில்லை, நான். வீட்டில் அதை அதன் பெயரால் சொல்லியிருந்தால் அந்த ஹாலில் மழை வெறும் மழையாக இருந்திருக்கும்.

மாலையில், மேடம் கொடுத்தனுப்பியிருந்த புதுப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அறைக்கதவு திறந்திருந்தது. குறைபாடு என்ன, கடைசியாக எப்போது, மருந்து என்ன என்று மூன்று கோடுகள். பேனாவைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்தேன். அவள் தண்ணீர் எடுக்க வந்தவள் நின்றாள்.

"அதான் போகலன்னேனே. எதுக்கு அது?"

"போறதும் போகாததும் உன் இஷ்டம். நான் பொய் எழுதினேன், அதனால உன் இடம் போகக் கூடாது." பேனா என் கையிலேயே நின்றது. "என்ன எழுதணும்னுதான் தெரியல."

"உனக்கா? வார்டு நோட்டுல தினமும் எழுதறதுதானே."

"அது வேற யாருக்கோ எழுதறது."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். நான் மூச்சை இழுத்துவிட்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "தூக்கத்துல படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடறது. கடைசியா எப்போ?"

அவள் கண் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. "அஞ்சு மாசம் ஆச்சு."

"ஏழு வாரம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"அது நிஜ மழைம்மா."

"அஞ்சு மாசமா? என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"தினமும் சொன்னேனே. நீ காலையில மழையான்னு கேப்ப, நான் இல்லம்பேன். அப்புறமும் நீ மெத்தையத் தொட்டுப் பாப்ப."

பேனாவை வைத்துவிட்டு வலது கையை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன். அந்தக் கைதான் தொட்டுப் பார்க்கிற கை.

"என்ன மன்னிச்சுடு" என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பேனாவை எடுத்து, குண்டு குண்டான எழுத்தில், மூன்று கோட்டையும் அவளே நிரப்பினாள். நான் எழுத முடியாததை அரை நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

"கையெழுத்து போடு."

போட்டேன்.

பிறகு செருப்பு அலமாரிக்குப் போய் பூட்ஸை எடுத்தாள். மறுபடியும் முதலிலிருந்து, கடைசியில் தேவைப்படுவது அடியில் என்று அடுக்க ஆரம்பித்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. உள்விரிப்பை மட்டும் எடுத்து நீட்டினேன். "இது வேணாம்ல?"

கையை நீட்டினாள். "குடு. எல்லாரும்தான் பாத்தாச்சே."

பையின் வாயைக் கட்டிவிட்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு பஸ்ஸுக்கு நீ வராதம்மா. அப்பா மட்டும் வரட்டும்."

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல.

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று முன்னாலேயே கிளம்பி, பயிற்சிக் கூடத்துக்கு எதிரே நின்றிருந்த ஒரு சாமான் வண்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன், திருட்டுப் பூனை மாதிரி. வானம் கறுத்திருந்தது. பஸ் நின்றிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மகள் தன் பையோடு ஓரமாக நின்றாள், அவள் அம்மாவும்தான். என் மகள் படிவத்தை மேடம் கையில் கொடுத்தாள். மேடம் படித்தார், மடித்து அட்டைக்குள் வைத்தார், தலையசைத்தார். அந்த ஓரத்துப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது. அதையும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஏழு வாண்டுகளும் வரிசையில் நின்றன. என் மகள் முன்னால் போய் நின்றாள்.

"மழைக்கோட்டு பையில மேல இருக்கணும். அடியில வெச்சவங்க இப்பவே எடுங்க. போற வழியில மழை வரும்."

மழை என்ற சொல்லைக் கேட்டதும் ரெட்டைச் சடை களுக்கென்றது. பக்கத்துப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. அதற்குப் பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டது. வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின. பெற்றோர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். வண்டிக்குப் பின்னாலிருந்து பாய்ந்துபோய் அந்தச் சடையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க என் வாய் துடித்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

என் மகள் நடந்துபோய் அந்த வாண்டின் முன்னால் நின்றாள். மைதானத்துக் குரலில்தான் பேசினாள், ஆனால் திட்டுகிற குரல் இல்லை.

"என்ன சிரிப்பு? மழைன்னு சொன்னேன். மறுபடியும் சொல்றேன், மழை. ராத்திரி யாருக்கு என்ன நனைஞ்சாலும் என்ன எழுப்புங்க. நனைஞ்சா மாத்தணும், அவ்வளவுதான். பூகம்பமா வந்துடுச்சு?"

வரிசை சிரித்தது. இது வேறு சிரிப்பு. வார்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. ரெட்டைச் சடை மண்டியிட்டுப் பையைத் திறந்து, அடியிலிருந்து மழைக்கோட்டை உருவ முடியாமல் உருவியது. என் மகள் குனிந்து பையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

வீட்டுச் சாவி வாங்க அவள் பள்ளிக்கூடம் விட்டு வார்டு வாசலில் வந்து நிற்பாள், ஒன்பது பத்து வயதில். உள்ளே வரக் கூடாது என்று நான்தான் வாசலிலேயே நிறுத்தி வைப்பேன். அங்கே நின்று கேட்டிருக்கிறாள். நாற்பது படுக்கைக்கும் உரக்கச் சொன்னதை என் பிள்ளை மட்டும் வாசலில் நின்று ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

பஸ் கிளம்பி, திரும்பி, தெருமுனை தாண்டுகிற வரை நான் அந்த வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.